காலையில் கிளப்பியதும் எஞ்சின் அதிர்வது ஏன்?

கேள்வி: எனது பெட்ரோல் கார் 90,000 கிலோமீட்டர் ஓடியது. இரவு முழுவதும் நின்ற பின் காலையில் கிளப்பினால், முதல் ஒரு நிமிடம் ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது; ஸ்டீயரிங் வரை அதிர்வு தெரிகிறது. எஞ்சின் சூடானதும் குறை மறைந்துவிடுகிறது. ஸ்பார்க் பிளக்குகளை மாற்றியும் பயனில்லை. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.

பதில் 1: விளக்கு எரியாவிட்டாலும் எஞ்சின் கணினியின் அளவீடுகளைக் காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில், கிளப்பும் முன் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையும் உட்செல்லும் காற்றின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் சென்சார் மிகையாகக் காட்டினால், எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருப்பதாகக் கொண்டு கணினி பெட்ரோலைக் குறைத்துவிடும். பழுதைக் கண்டறியாமல் பாகங்களை மாற்றுவது வீண் செலவு.

பதில் 2: நான் முதலில் வேக்யூம் கசிவையே, அதாவது இடுக்கு வழியாக எஞ்சினுக்குள் கூடுதல் காற்று புகுவதையே, சந்தேகிப்பேன். இறுகிப்போன ரப்பர் கேஸ்கெட் (இணைப்பு இடுக்கை அடைக்கும் பட்டை), குளிரில் சுருங்கிக் காற்றை உள்ளே விட்டு, சூட்டில் விரிந்து தானே அடைத்துக்கொள்வதுண்டு. ஃபியூயல் டிரிம் (கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) அளவு ஐட்லிங்கில் மிகுந்தும் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் குறைந்தும் இருந்தால் கசிவு என்றே கொள்ளலாம்.

பதில் 3: பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றுவதற்காகச் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, சில வினாடிகள் விட்டு அணைத்து, இவ்வாறு மூன்று முறை செய்தபின் கிளப்புங்கள். அதிர்வு இல்லையென்றால், எரிபொருள் அழுத்தம் இரவில் இறங்கிவிடுகிறது; பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் ஒழுகலாம், அல்லது பம்ப்பின் வால்வு பழுதாகியிருக்கலாம். கூலன்ட் குறைந்து வெண்புகையும் வந்தால், தாமதிக்காமல் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் தலைப்பகுதி இணைப்பை அடைப்பது) சோதியுங்கள்.

கேட்டவர்: இரு வெப்பநிலைகளும் ஒத்திருந்தன. டிரிம் ஐட்லிங்கில் 18 சதவீதம், 2,500 சுற்றில் 4. இன்டேக் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்று செல்லும் குழாய்) கேஸ்கெட்டை மாற்றினேன். மூன்று நாட்களாக அதிர்வு இல்லை.