சிரசுத் திருவிழா முடிந்ததிலிருந்து பூனை மணல் பெட்டிக்குப் போவதில்லை, லுங்கிக் கட்டின் மேல் மூத்திரம் போகிறான். உதவி வேண்டும்

லுங்கிக்கட்டு, குடியாத்தம்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சுண்டலுக்கு மூன்று வயது. செம்பட்டை நிறக் கடுவன், போன வருஷமே கருத்தடை செய்தாயிற்று. குட்டியாக வந்த இரண்டாம் நாளே மணல் பெட்டியைப் பழகிக்கொண்டவன். இத்தனை நாளில் ஒரு தடவை கூட இடம் மாறிப் போனது கிடையாது.

எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நாத்தனார் குடும்பம் வந்து எட்டு நாள் தங்கியது. வீட்டில் பதினோரு பேர், கால் வைக்க இடமில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த அவன் பெட்டியை மொட்டை மாடியில் ஷீட் போட்ட கொட்டகைக்கு மாற்றினோம். விருந்தாளிகள் போய் ஒரு வாரம் ஆகிறது, அவன் பெட்டிப் பக்கமே போவதில்லை. முதலில் மெத்தையில் போனான். அப்புறம் நான் மடித்து அடுக்கி வைத்த லுங்கிக் கட்டின் மேல். லுங்கி மடித்துக் கொடுப்பதுதான் என் வேலை, சரக்கு என்னுடையது இல்லை. மூன்று டஜன் நாசம். முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் கூலியில் பிடித்துவிடுவார்.

அதட்டினேன், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். மாமியார் "வெளியே விட்டுடு, அதுவே பொழைச்சுக்கும்" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

காட்பாடி ரயிலடி

மெத்தை, லுங்கி எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் அக்கா. முதலில் இதைச் சொல்லுங்கள்: மூத்திரம் சரியாக வருகிறதா? அடிக்கடி குந்துகிறானா, குந்தினால் சொட்டுச் சொட்டாக வருகிறதா, கத்துகிறானா, அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கிறானா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கடுவன் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகலானது, சுலபமாக அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். ஒரு சொட்டும் வரவில்லை என்றால் இப்போதே கிளம்புங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள்.

லுங்கிக்கட்டு

வருகிறது தம்பி. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. நேற்று வெள்ளைத் துண்டில் போனபோது ஓரத்தில் இளஞ்சிவப்பாக இருந்தது. துண்டுச் சாயம் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டம்மா வலிக்கு பாரசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கச் சொன்னார்கள். கொடுக்கலாமா?

காட்பாடி ரயிலடி

கொடுக்கவே கொடுக்காதீர்கள்! பாரசிட்டமால் பூனைக்கு விஷம், கால் மாத்திரையே போதும் கொல்ல. அது சாயம் இல்லை, ரத்தம். நாளைக் காலை முதல் வேலையாக டாக்டரிடம் காட்டுங்கள். ராத்திரி திடீரென்று நின்றுபோனால் ராத்திரியே.

கோட்டை மைதானம்

இதுக்குப் போய் டாக்டரா? பூனைக்கு ரோஷம் ஜாஸ்தி. பெட்டியை மாத்தினதுக்குப் பழி வாங்குது. போன இடத்துலயே மூக்கைத் தேய்ச்சு ரெண்டு தட்டு தட்டுங்க, தானா வழிக்கு வரும். எங்க தாத்தா அப்படித்தான் பழக்குவார்.

வாலாஜா பெரியம்மா

தாத்தா பழக்கியது நாயாக இருக்கும். ரத்தம் கலந்து போகிற ஜீவன் யாரைப் பழி வாங்கும்? வலிக்கிறது. பெட்டியில் போனபோது வலித்தது, அதனால் பெட்டிதான் வலி கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டது. மெத்தென்று ஒரு இடம் கிடைத்தால் அங்கே போகிறது. நீங்கள் மூக்கைத் தேய்த்தால் அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த மனுஷி வரும்போது போகக் கூடாது, பீரோவுக்குப் பின்னால் போய்ப் போக வேண்டும்.

லுங்கிக்கட்டு

இன்று வேலூர் போய் வந்தோம். கோழிக்கூடையில் வைத்துத் துணி மூடி பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர் "சேவலா?" என்று கேட்டார், உள்ளேயிருந்து இவன் "மியாவ்" என்றான். பஸ்ஸே சிரித்தது.

ஸ்கேன் செய்தார்கள். கல் இல்லை, அடைப்பு இல்லை. மூத்திரப்பை சுவர் வீங்கியிருக்கிறதாம். மனக்கலவரத்தினாலேயே பூனைக்கு இப்படி வருமாம். வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள், ஒரு வாரத்தில் அடங்கும், ஆனால் திரும்ப வரலாம் என்றார். நிறையத் தண்ணீர் குடிக்க வைக்கச் சொன்னார். ஆனால் பெட்டிக்கு எப்படித் திருப்புவது என்று கேட்க மறந்துவிட்டேன், வெளியே பத்து நாய் காத்திருந்தது.

வாலாஜா பெரியம்மா

நல்ல காரியம் செய்தாய் அம்மா. நான் பதினெட்டு வருஷமாகப் பூனை வைத்திருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் நீ ஒரு வேலை செய். நாளை மத்தியானம் ஒரு மணிக்கு வெறுங்காலோடு மொட்டை மாடிக்குப் போய், அவன் பெட்டி மணலில் ஐந்து விரலையும் பதித்துப் பார். மோந்தும் பார். என்ன தோன்றியது என்று வந்து சொல்.

லுங்கிக்கட்டு

பெரியம்மா, படியிலிருந்து பெட்டிக்கு நாலு எட்டு. மூன்றாவது எட்டிலேயே குதித்துவிட்டேன். மணலில் கை வைக்க முடியவில்லை. கடலை வறுக்கிற மணல் மாதிரி இருக்கிறது. ஷீட்டிலிருந்து அனல் இறங்குகிறது. பெட்டியில் பினாயில் நெடி. மாமியாரைக் கேட்டேன், "விருந்தாளி வர்றாங்கன்னு தினம் பினாயில் ஊத்தி அலசி வெச்சேன், சுத்தமா இருக்கட்டும்னுதான்" என்றார்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வாணவேடிக்கை நடந்த ராத்திரி அவன் பெட்டிக்குள் இருந்தபோதுதான் பக்கத்து மாடியில் பையன்கள் சரவெடி வைத்தார்கள். மணலை நாலாபுறமும் சிதறிவிட்டு ஓடி வந்தான். அன்றையிலிருந்துதான்.

வாலாஜா பெரியம்மா

அவ்வளவுதான், அவன் பக்கத்துக் கதை கிடைத்துவிட்டது. வைகாசி வெயிலில் நம் ஊர் மொட்டை மாடியில் மனுஷனே நிற்க முடியாது. கால் சுடுகிறது, மூக்கு எரிகிறது, தலைக்கு மேல் வெடி வெடிக்கிறது, அதோடு வலி. நானாக இருந்தாலும் லுங்கிக் கட்டைத்தான் தேடுவேன்.

பினாயிலை உடனே நிறுத்து. கறுப்போ வெள்ளையோ, எதுவும் வேண்டாம். கறுப்பு பினாயிலில் இருக்கிற பீனால் வகைச் சரக்கைப் பூனையின் ஈரலால் நம்மைப் போலக் கழிக்க முடியாது. காலில் ஒட்டியதை நக்கினாலே உள்ளே போய்விடும். அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடு, பிளாஸ்டிக்கில் ஏறிய நெடி போகாது.

புதுப் பெட்டி கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. துணி போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து, முன்பக்கத்தை உள்ளங்கை உயரத்துக்கு வெட்டி, வெட்டிய ஓரத்தைத் தீயில் காட்டி மழுக்கிவிடு. நீளம் பூனையைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும், உள்ளே திரும்ப முடியணும். மூடி வேண்டாம். மூடினால் நெடி உள்ளேயே நிற்கும், எந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. மணல் இரண்டு அங்குலம். வாசனை போட்ட மணல் நம் மூக்குக்குத்தான், அதன் மூக்குக்கு இல்லை. காலையும் மாலையும் மூத்திரம் பட்டு இறுகிய மணல் கட்டியை அள்ளிவிடு.

ஒரு பூனைக்கு இரண்டு பெட்டி என்பது கணக்கு. ஒன்றைப் பழையபடி மாடிப்படிக்குக் கீழே வை. இன்னொன்றை லுங்கிக் கட்டு இருந்த அதே இடத்தில். ஆமாம், வீட்டு நடுவில்தான். லுங்கியைப் பீரோவிலோ கதவு சாத்திய அறையிலோ வை. அவன் ஒரு வாரம் ஒழுங்காகப் போன பிறகு, நடுவில் இருக்கிற பெட்டியை நாளுக்கு ஒரு சாண் வீதம் மாடிப்படி நோக்கி நகர்த்து. அவசரப்பட்டு ஒரே நாளில் தூக்கிவிட்டால் பழைய கதைதான்.

ஆற்காடு தம்பி

பெரியம்மா சொன்னதோடு ஒன்று. முதல் மூன்று நாலு நாள் அவனை ஒரு சின்ன அறையில் வையுங்கள். ஒரு மூலையில் பெட்டி, எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி. பூனை சாப்பிடுகிற இடத்துக்குப் பக்கத்தில் போகாது. தண்டனை மாதிரி பூட்டி வைக்காதீர்கள், நீங்களும் உள்ளே போய் உட்கார்ந்து லுங்கி மடியுங்கள்.

சுத்தம் செய்வது பற்றி யாரும் சொல்லவில்லை. நமக்கு நாற்றம் போனால் போயிற்று என்று நினைப்போம். மூத்திரத்தில் இருக்கிற யூரிக் அமிலம் சாதாரண சோப்புக்குக் கரையாது, காய்ந்து படிந்துவிடும். மழை ஈரம் பட்டதும் திரும்ப வீசும், அவனும் திரும்ப வந்து நிற்பான். பூனை மூத்திரத்தைச் சுத்தம் செய்கிற, என்சைம் (கறையைச் சிதைக்கிற நொதி) கலந்த திரவம் ஆன்லைனில் கிடைக்கிறது. ஊற்றித் துடைத்துவிடக் கூடாது, ஊறவிட்டுத் தானாகக் காய விட வேண்டும். மெத்தைக்கு மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இறங்கணும். பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், மூத்திரத்தின் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுப் புகை வரும்.

லுங்கிக்கட்டு

லுங்கியைக் காப்பாற்ற வழி உண்டா?

ஆற்காடு தம்பி

பச்சைத் தண்ணீரில் அலசி, என்சைம் உள்ள துணி பவுடரில் ராத்திரி ஊறவைத்துத் துவைத்துப் பாருங்கள். வெந்நீர் வேண்டாம். முதலில் ஒன்றை ஊறவைத்து, சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை. துவைத்த லுங்கியைப் புதுசு என்று கடைக்குக் கொடுக்க முடியாது, அதை முதலாளியிடம் சொல்லித்தான் ஆகணும் அக்கா.

காட்பாடி ரயிலடி

தண்ணீர் விஷயம்: கிண்ணத்தை வீட்டில் மூன்று நாலு இடத்தில் வையுங்கள். எங்கள் பூனை எவர்சில்வர் கிண்ணத்தைத் தொடாது, அகலமான மண்சட்டியில் வைத்தால் குடிக்கும். உலர் தீனியைக் குறைத்து, உப்பு, வெங்காயம், பூண்டு போடாமல் வேகவைத்த கோழியை அந்தத் தண்ணீரோடு கொடுங்கள்.

லுங்கிக்கட்டு

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். முதல் இரண்டு நாள் அறையில் ஓயாமல் கத்தினான், மாமியார் ஜன்னல் வழியாகப் பேச்சுக் கொடுத்தார். மூன்றாம் நாள் விடிகாலை சரக் சரக் என்று மணல் கீறுகிற சத்தம் கேட்டது. எழுந்து போகாமல் அப்படியே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தால் நடுவில் முஷ்டி அளவுக்கு ஒரே ஒரு கட்டி. முன்பு துணியில் போனபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனான்.

ஆறாம் நாள் வெளியே விட்டோம். நேற்று மட்டும் ஒரு தடவை தப்பு, எதிர் வீட்டில் பந்தல் கழற்றி இரும்புக் குழாயைப் போட்ட சத்தத்துக்கு மிதியடியில் போய்விட்டான். யாரும் எதுவும் சொல்லவில்லை. நடுவில் இருந்த பெட்டி இதுவரை நாலு சாண் நகர்ந்திருக்கிறது. முதலாளி பாதிக் கூலி பிடித்தார், நாசமான லுங்கியை எங்கள் வீட்டிலேயே கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

கோட்டை மைதானம்

மாமியார் இப்ப என்ன சொல்றாங்க?

லுங்கிக்கட்டு

பெட்டி அள்ளுவது இப்போது அவர்தான். பினாயில் பாட்டிலைக் கழிவறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டார். அடுத்த சிரசுக்கு யார் வந்தாலும் மாடிப்படிக்குக் கீழே செருப்பு விடக் கூடாதாம்.