வீட்டில் மார்ட்டினி: முந்தைய பதிவுக்கு ஒரு புதுப்பிப்பு

ஜின், வொட்கா இரண்டிலும் மார்ட்டினி என்ற கலப்புமதுவைத் தயாரிப்பது பற்றி முன்னர் எழுதியபோது, 60 மில்லிலீற்றர் மதுவுக்கு 10 மில்லிலீற்றர் உலர் வெர்மூத் (மூலிகை மணமூட்டிய, இனிப்புக் குறைந்த வைன்) என்று குறிப்பிட்டிருந்தேன். ஜின்னுக்கு அந்த அளவே போதும். தனக்கென்று வாசனை அதிகமில்லாத வொட்காவுக்கு 15 வரை சேர்ப்பதையே இப்போது விரும்புகிறேன்.

போத்தலை உறைபெட்டியில் வைத்துவிட்டால் ஐஸ் தேவையில்லையே என்று சுன்னாகத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 40 சதவீத மதுசாரம் கொண்ட மது வீட்டு உறைபெட்டியில் உறையாது என்பது உண்மைதான். ஆனால் ஐஸுடன் அரை நிமிடம் கரண்டியால் கலக்கும்போது உருகிச் சேரும் நீரும் இப்பானத்தின் ஒரு பகுதி என்பதால், அது இல்லாவிட்டால் மது தொண்டையை எரிக்கும். ஐஸ் இல்லாமல் கலப்பவர்கள் ஒரு மேசைக்கரண்டி குளிர்நீரைச் சேர்த்துக்கொள்ளலாம். மாறாக, நமது சித்திரை வெயிலில் வெளியே வைத்து மேற்பரப்பு நனைந்துவிட்ட ஐஸ் தேவைக்கு மேல் நீரை விடும் என்பதால், கட்டிகளைக் கடைசி நேரத்திலேயே எடுக்க வேண்டும். குலுக்கினால் காற்றுக் குமிழ்கள் புகுந்து பானம் கலங்கலாகும்.

வெர்மூத்தும் வைன் வகைதான்; திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஓரிரு மாதங்களில் முடித்துவிடுவது நல்லது. அலுமாரியில் சாராயப் போத்தலுக்குப் பக்கத்தில் வருடக்கணக்கில் நிறுத்தும் வழக்கம் இதற்குச் சரிவராது.

அலங்காரமாக இடும் ஒலிவ் காய் கிடைக்காதவர்கள் தேசிக்காயின் பச்சைத் தோலை, வெள்ளைப் பகுதி ஒட்டாமல் மெல்லியதாகச் சீவி, கிண்ணத்தின் மேல் முறுக்கினால், அதன் எண்ணெய் மேற்பரப்பில் நுண்துளிகளாகப் படரும். சாறு மட்டும் விழக்கூடாது.