அப்பாவின் சீக்கோ 5: கூடு இருக்கிறது, மெஷின் இல்லை

சிப்புட்_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட். அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது வயது 79. விடியுமுன்னே பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரம்) நிற்க வேண்டும் என்பதற்காக, கல்யாணமாகி வந்த தீபாவளிக்கு ஈப்போவில் ஒரு சீக்கோ 5 கைக்கடிகாரம் வாங்கினார். பல வருஷம் கழித்து அது நின்றுபோனபோது ஒரு கடையில் கொடுத்தார். கடைக்காரர் மெஷினை மட்டும் வைத்துக்கொண்டு, சாமான் வந்ததும் சொல்கிறேன் என்று மற்றதைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கடையே மூடிவிட்டது. கூடு, டயல், முள் மூன்று, சாவி (பக்கவாட்டில் திருகும் குமிழ்) எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் அம்மாவின் நகைப் பெட்டிக்குள் கிடக்கின்றன.

கூட்டின் பின்மூடியில் 6119-8083 என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஆறு இலக்க எண், 18 என்று தொடங்குகிறது. எந்த வருஷம் வாங்கினார் என்று அப்பாவுக்கு நினைவில்லை. அம்மா 72 என்கிறார்.

போன வாரம் ஆன்லைனில் 85 வெள்ளிக்கு (ரிங்கிட்) இன்னொரு சீக்கோ 5 வாங்கினேன். விளம்பரத்தில் முன்பக்கப் படம் மட்டும்தான் இருந்தது. வந்த பிறகு பார்த்தால் 4 மணிப் பக்கம் சாவி இல்லை, வெறும் துளை. மகனின் ரப்பர் பந்தை அழுத்திப் பின்மூடியைத் திருகித் திறந்தேன். ஆட்டோமேட்டிக் என்கிறார்கள், ஆனால் கை அசைவில் சுழன்று ஸ்பிரிங்கை ஏற்றும் ரோட்டர் உள்ளே இல்லை. மெஷினில் 6119சி, 21 ஜுவல்ஸ் என்று எழுதியிருக்கிறது. டயல் பளீர் ஆரஞ்சு. கிழமை ஜன்னலில் எல், யூ, என் என்று மூன்று எழுத்து. இது என்ன கிழமை?

இதன் மெஷினை அப்பாவின் கூட்டில் வைக்க முடியுமா? இல்லை, 85 வெள்ளி போனதுதானா?

பினாங்கு_வாட்ச்காரன்:

தம்பி, பணம் போகவில்லை. இரண்டுமே 6119 மெஷின் என்பதால் நல்ல சாமான் கிடைத்திருக்கிறது.

முதலில் அப்பாவின் வாட்ச். அந்தக் காலத்து சீக்கோவில் ஆறு இலக்க எண்ணின் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். 1 என்பது 61, 71, 81 மூன்றுக்கும் பொருந்தும். ஆனால் 6119 மெஷின் 61-லும் இல்லை, 81-லும் இல்லை. ஆகவே 1971 ஆகஸ்டில் செய்தது. கப்பலில் வந்து ஈப்போ கடையில் கொஞ்ச நாள் இருந்திருக்கும். 72 தீபாவளி என்று அம்மா சொல்வது சரியாகத்தான் வருகிறது.

எல், யூ, என் என்றால் ஸ்பானிஷில் திங்கள். கிழமைச் சக்கரத்தில் இரண்டு மொழி உண்டு. சாவி மாட்டியபின் லேசாக அழுத்தினால் தேதி நகரும், முழுவதும் அழுத்தினால் கிழமை நகரும். ஒரு அழுத்தலில் அடுத்த மொழி வந்துவிடும். சில மெஷின்களில் சாவியை இழுத்துத் திருப்பித்தான் இதை மாற்ற வேண்டும். 6119-இல் அழுத்துவதுதான் வழி.

ஆரஞ்சு டயலை லென்ஸ் வைத்துப் பாருங்கள். 6 மணிக்குக் கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் ஜப்பான் என்றும் 6119 என்று தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். அது இல்லாமல், மணிக்கோடுகளின் ஓரத்தில் பெயின்ட் ஏறியிருந்தால் பின்னால் யாரோ அடித்த வர்ணம். அப்பாவின் டயலிலும் அதே இடத்தைப் பாருங்கள். 6119-க்குப் பிறகு வரும் எண் பின்மூடி எண்ணோடு ஒத்துப்போகாது. அது டயலுக்கென்று உள்ள தனி எண், பயப்பட வேண்டாம்.

ரோட்டர் தேடுமுன் மெஷினுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மெஷினுக்குச் சாவி கொடுக்கவே முடியாது, கை அசைவில்தான் ஏறும். ஆனால் ஸ்பிரிங் டப்பாவுக்கு மேலே உள்ள பற்சக்கரத்தின் நடு ஸ்குரூவை வலப்பக்கமாக மெதுவாக நாலைந்து சுற்றுத் திருப்பினால் ஸ்பிரிங் ஏறும். பேலன்ஸ் சக்கரம் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்) தானாக ஆட ஆரம்பித்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். ஸ்குரூடிரைவர் பேலன்ஸ் பக்கம் போகவே கூடாது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி அங்கே இருக்கிறது, ஒருமுறை மடங்கினால் என்னாலும் சரிசெய்ய நேரம் பிடிக்கும்.

ரோட்டருக்கு, கண்ணாடி உடைந்து கிடக்கும் 6119 ஒன்றை உதிரிக்காக வாங்குங்கள். ஞாயிறு காலை இங்கே லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைப் பக்கம் வந்தால் தேடிப்பார்க்கலாம். கூட்டைக் கொடுங்கள், புதுசு மாதிரி பாலிஷ் போட்டுத் தருகிறேன்.

கூலிம்_அக்கா:

மற்றதெல்லாம் அண்ணன் சொன்னதுதான். பாலிஷ் மட்டும் வேண்டாம் தம்பி. அந்தக் கூட்டில் இருக்கும் கீறல் உங்கள் அப்பா கையில் இருந்தபோது விழுந்தது. பாலிஷ் போட்டால் விளிம்பெல்லாம் வழவழவென்று கரைந்து ஆளே மாறிவிடும். எங்கள் அப்பாவின் வாட்சில் அப்படித்தான் ஆனது. இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. பழைய டூத்பிரஷ், சோப்புத் தண்ணீர் போதும். மெஷின் இல்லாத வெறும் கூடு என்பதால் தைரியமாகக் கழுவலாம்.

கண்ணாடியை நகத்தால் தட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் மங்கலான சத்தம் வரும், கீறலைத் தேய்த்து எடுக்கலாம். கண்ணாடி என்றால் தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

அப்பாவின் சாவியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் தண்டு அந்தக் கூட்டின் அளவுக்கே நறுக்கியது. துருப்பிடிக்காமல் இருந்தால் அதுவே போதும். மெஷின் வேறு வாட்சிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். நாளைக்குப் பேரப்பிள்ளை கையில் போகும்போது அவனுக்கு உண்மை தெரிய வேண்டும்.

சிப்புட்_பையன்:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து அந்த ஸ்குரூவைத் திருப்பினேன். மூன்றாவது சுற்றில் பேலன்ஸ் ஒரு தடவை நடுங்கிவிட்டு ஆட ஆரம்பித்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். அவருக்கு இப்போது காது மந்தம். மெஷினைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன், கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, சக்கரம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினொரு நிமிஷம் ஓடி நின்றது.

ஆரஞ்சு டயலில் பொடி எழுத்து இல்லை. அப்பாவின் டயலில் இருக்கிறது.

பாலிஷ் பற்றி அப்பாவிடமே கேட்டேன். 8 மணிப் பக்கம் ஒரு வெட்டுக்காயம் இருக்கிறது, பால்வெட்டும் கத்தி வழுக்கி விழுந்ததாம். "கத்தி அதுல படாம இருந்தா கையிலதான்டா பட்டிருக்கும்" என்றார். பாலிஷ் வேண்டாம் அண்ணே. தண்டில் துரு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பினாங்குக்கு வருகிறேன், அப்பாவும் வருகிறேன் என்கிறார். எத்தனை மணிக்கு வந்தால் சரியாக இருக்கும்?

பினாங்கு_வாட்ச்காரன்:

எட்டரைக்கு வாருங்கள். வெயில் ஏறுமுன் தேடிவிடலாம். பையை அப்படியே கொண்டு வாருங்கள், முள்ளை மட்டும் தனியாகப் பஞ்சில் சுற்றி வையுங்கள்.