வென்படத்தில் ஷேடிங்: ‘நிழலிடல்’ வேண்டாம், ‘அடிப்பு’ என்போம்

> வென்படம் வரைந்து ஒரு வாதம் செல்லுமா என்று பார்க்கும் சோதனையில், பகுதிகளைத் தீட்டும் ஷேடிங்கிற்கு ‘நிழலிடல்’ என்று கலைச்சொல் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். பள்ளிக் கணக்கிலும் அதுதானே புழங்குகிறது?

ஐயா, வணக்கம். அங்கே புழங்குவதுதான் சிக்கலே. கணங்கள் பாடத்தில் ஒரு பகுதியை நிழலிட்டால் ‘கேட்டது இதுதான்’ என்று பொருள். ஜான் வென் 1880-இல் வெளியிட்ட முறையில் நிழலிட்ட இடத்தில் ஒன்றுமே இல்லை என்று பொருள். பழக்கதோஷத்தில் மாணவர் என்ன செய்வார்? ‘எல்லாத் தவளைகளும் நீர்நிலவாழ்விகள்’ என்ற எடுகூற்றுக்கு (முடிவுக்கு ஆதாரமாகத் தரும் கூற்றுக்கு) இரண்டு வட்டமும் வெட்டும் இடத்தைத் தீட்டுவார். படமோ ‘எந்தத் தவளையும் நீர்நிலவாழ்வி அல்ல’ என்று சொல்லும்.

என் பரிந்துரை ‘அடிப்பு’. விடைத்தாளில் வேண்டாத பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிடுகிறோம் அல்லவா, அதே அடித்தல். ‘சில’ என்று வரும் கூற்றுக்கு இடும் பெருக்கல் குறிக்கு ‘இருப்புக்குறி’ போதும்.

ஓட்டிப் பார்ப்போம். தவளை, நீர்நிலவாழ்வி, நஞ்சுடையது என மூன்று வட்டங்கள். வெளிப்புறத்தையும் சேர்த்து 8 பகுதிகள்.

எல்லாத் தவளைகளும் நீர்நிலவாழ்விகள்.
சில நீர்நிலவாழ்விகள் நஞ்சுடையவை.
ஆகவே, சில தவளைகள் நஞ்சுடையவை.

முதல் கூற்றுக்கு, தவளை வட்டத்தில் நீர்நிலவாழ்விக்கு வெளியே கிடக்கும் 2 பகுதிகளையும் அடிக்கவும். அடுத்தது இருப்புக்குறி. நீர்நிலவாழ்வியும் நஞ்சும் சேரும் இடத்தைத் தவளை வட்டத்தின் கோடு இரண்டாகப் பிரிக்கிறது, இரண்டும் அடிபடவில்லை. எந்தப் பக்கம் என்று எடுகூற்று சொல்லாததால் குறியைக் கோட்டின் மேலேயே வைக்க வேண்டும். முடிவு நிற்க வேண்டுமானால் குறி முழுதாகத் தவளை வட்டத்துக்குள் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை, வாதம் செல்லாது. மூன்று கூற்றும் உண்மை என்பதைக் கவனிக்கவும். நஞ்சுள்ள தவளைகள் இருக்கத்தான் செய்கின்றன. அதனால்தான் எடுகூற்றுகளிலிருந்து முடிவு கட்டாயம் வருவதைக் குறிக்கும் செல்லுபடிக்கு ‘மெய்ம்மை’, ‘வாய்மை’ போன்ற சொற்கள் உதவா.

இன்னொன்று: முடிவைப் படத்தில் வரையவே கூடாது. எடுகூற்றுகளை மட்டும் வரைந்துவிட்டு, முடிவு தானாக வந்து நிற்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

---

> ‘அடிப்பு’ காதுக்குக் கரடுமுரடாக இருக்கிறது. ‘வெறுமையாக்கம்’ என்றால் என்ன?

வெறுமையாக்கம் என்றால் இருந்ததை நாம் காலி செய்வது போல ஆகிறது. எடுகூற்று சொல்வதோ ‘அங்கே ஏற்கெனவே ஒன்றுமில்லை’ என்பது. தவிர, ‘வெற்றுப் பகுதி’ என்றதும் கண் போவது எதுவும் வரையாத இடத்துக்கு. அங்கே ஏதாவது இருக்கிறதா, இல்லையா என்பதே தெரியாது. ‘அடித்த பகுதி’, ‘குறியுள்ள பகுதி’, ‘தொடாத பகுதி’ என்று மூன்றாகப் பிரித்தால் குழப்பம் தீரும்.

சொல் குறுகியதாக இருப்பதில் ஒரு வசதியும் உண்டு: ‘முதலில் அடி, பிறகு குறியிடு’ என்று விதியை நாலு சொல்லில் சொல்லிவிடலாம். ‘சில தவளைகள் நஞ்சுடையவை, எல்லாத் தவளைகளும் நீர்நிலவாழ்விகள்’ என்ற வரிசையில் வந்தாலும் இரண்டாவதைத்தான் முதலில் வரைய வேண்டும். மாற்றிச் செய்தால் குறி கோட்டில் உட்காரும். பிறகு ஒரு பக்கம் அடிபட்டதும் ரப்பரைத் தேட வேண்டியதுதான்.

பட்டியலில் விடுபட்டது ஒன்று. அரிஸ்டாட்டில் வழி முக்கூற்று வாதங்களில் (மேலே பார்த்தது போல இரண்டு எடுகூற்றும் ஒரு முடிவும் கொண்டவை) 256 வடிவங்கள். இந்தப் படத்தில் செல்லுபவையாகத் தேறுபவை 15. மரபுப்படி 24. மீதி 9-க்கும், பேசப்படும் வகையில் ஒன்றாவது இருக்கிறது என்று கொள்ள வேண்டும். அடிப்பு மட்டும் அதைத் தராது, தனியே ஒரு குறியை நாமே இட வேண்டும். அந்தக் குறிக்கு ‘கொள்குறி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். கொள்குறி வகை வினா ஏற்கெனவே இருப்பதால் இடிக்கிறது. வேறு சொல் தோன்றினால் சொல்லுங்கள்.