திரையிடலா, சல்லடைச் சோதனையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் 'screening test' எனப்படுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே நம் கேள்வி. அதற்கு 'திரையிடற் சோதனை' என்ற சொல்லை நான் ஏற்காததற்குக் காரணம் இலக்கணம் அன்று. திருகோணமலையில் கர்ப்பவதிகளுக்கு ஆய்வுகூட அறிக்கைகளை வாசித்து விளக்கும்போது அந்தச் சொல் எனக்கு ஒருநாளும் உதவியதில்லை. திரை என்றால் எங்கள் தாய்மாருக்கு மறைப்பது. நாம் சொல்ல வந்ததோ, அறிகுறி எதுவும் இல்லாத எல்லோரையும் சோதித்து, மேலும் பார்க்க வேண்டியவர்களை மட்டும் பிரித்தெடுப்பதை.

இந்த வேறுபாடு விளங்காவிட்டால் என்ன நேரும் என்பதைக் கண்டிருக்கிறேன். குச்சவெளிப் பக்கத்துப் பிள்ளையொருத்தி, சிபிலிசு என்ற பாலியல் நோயைத் தேடும் வீ.டீ.ஆர்.எல். இரத்தச் சோதனையின் அறிக்கையில் 'றியாக்ரிவ்' (எதிர்வினை உண்டு) என்றிருந்ததால் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மாமியார் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அச்சோதனை, கர்ப்பத்தினாலும் வேறு சில நோய்களாலும்கூட அவ்வாறு காட்டக்கூடும் என்பதால், சிபிலிசுக் கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைத் தேடும் இரண்டாவது சோதனையைச் செய்யாமல் முடிவு சொல்வதில்லை. அவளுக்கு அதில் ஒன்றும் இல்லை. அவளைச் சந்தேகித்து எடுத்த சோதனையும் அன்று அது. கர்ப்பவதிகள் எல்லோருக்கும் இதைச் செய்து வந்ததும் ஒரு காரணமாகத்தான், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது.

மாற்றாகச் சொல்லக்கூடிய 'ஐயமறி சோதனை' அழகான ஆக்கமே. ஆனால் 'ஐயமறு' என்று ஓரெழுத்துப் பிசகினால் பொருள் தலைகீழாகும். அந்தப் பிள்ளையின் வீட்டில் ஐயம் என்ற சொல்லே புண்படுத்தியிருக்கும். பிரித்தெடுப்பதைக் குறிக்கும் அரிப்பு, சலிப்பு, புடைப்பு என்ற சொற்கள் மூன்றும் அரிதட்டோடும் சுளகோடும் பிறந்தவைதாம். மருத்துவத் தாளில் அவை சொறியாகவும் சோர்வாகவும் வீக்கமாகவும் படிக்கப்படும்.

ஆகவே 'சல்லடைச் சோதனை' என்பதை முன்வைக்கிறேன். அதன்பின் செய்யும் இரண்டாவது சோதனைக்கு 'உறுதிச் சோதனை'. பிட்டுக்கு மா அரிப்பவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை: தட்டில் தங்குவதெல்லாம் கல் அன்று, பெரும்பாலும் கப்பிதான், கீழே விழுந்த மாவிலும் நுண்மணல் இருந்துவிடலாம்.

இச்சொல்லுக்கு ஒரு குறை உண்டு. பிறந்த குழந்தையின் குதிக்காலில் ஒரு துளி இரத்தம் எடுத்துத் தைரொயிட் சுரப்புக் குறைவைத் தேடுகிறார்கள். அந்தச் சல்லடையில் தங்கிய குழந்தையின் உறுதிச் சோதனையும் சிகிச்சையும் பிந்தினால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். 'சல்லடைதானே' என்று தாய் இருந்துவிடக் கூடாது. எனவே முடிவை, நற்செய்தி போல ஒலிக்கும் 'நேர்மறை' என்று எழுதாமல், 'உடன் உறுதிச் சோதனை தேவை' என்றே எழுத வேண்டும்.

கர்ப்பத்தின் 24 முதல் 28 வாரங்களுக்குள் 75 கிராம் குளுக்கோசு குடித்துச் செய்யும் நீரிழிவுச் சோதனைக்கு இச்சொல் பொருந்தாது. அங்கே முடிவு அதிலேயே உறுதியாகிவிடுகிறது.

சல்லடையை விட அரிதட்டே கிண்ணியா, மூதூர்த் தாய்மாருக்கு நெருக்கமானது என்று யாரேனும் கருதினால், 'அரிதட்டுச் சோதனை'யையும் ஏற்க ஆயத்தமாக இருக்கிறேன்.