சங்கத்தை மூடிவிட்டு எங்கே போவது?

வெண்ணாற்றங்கரை:
தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களால் பயனில்லை, மூடிவிடலாம் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். மனம் பொறுக்கவில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் விதைநெல், உழவு, நடவுக்கூலி எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். என் தகப்பனார் அப்போது வட்டிக்காரர் திண்ணையில் காத்திருந்தார். நான் சங்கத்துக்குப் போகிறேன். தவணைக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே கிடையாது. உரமும் அங்கேதான் வாங்குகிறேன். தனியார் கடையில் யூரியா கேட்டால் வேண்டாத மருந்தையும் தலையில் கட்டுகிறார்கள்.

கடைமடை உழவன்:
எழுதியது நான்தான் ஐயா. நீங்கள் பட்டாதாரர். நான் நான்கு ஏக்கரை வாய்மொழிக் குத்தகைக்குச் செய்கிறேன். நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா நிலக்காரர் பெயரில், யார் என்ன பயிர் செய்கிறார் என்று காட்டும் அடங்கலும் அவர் பெயரில். 2021-ல் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடியானது. எங்கள் நிலக்காரருக்கும் தள்ளுபடி. அவர் வரப்பில் கால் வைத்துப் பல வருடம் ஆகிறது. சேற்றில் இறங்கிய எனக்கு ஒன்றுமில்லை. வட்டிக்காரர் திண்ணை எனக்கு இன்றும் இருக்கிறது.

வெண்ணாற்றங்கரை:
குத்தகையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டதே தம்பி?

கடைமடை உழவன்:
பதியப் போனால் அடுத்த போகத்துக்கு நிலம் வேறொருவர் கையில். என் பெயர் ஏறினால் நிலம் போய்விடும் என்று நிலக்காரர் அஞ்சுகிறார். அந்த அச்சத்துக்கு நான் விலை கொடுக்கிறேன்.

குடமுருட்டி:
தம்பியின் கோபம் நியாயம். ஆனால் எங்கள் ஊர் நியாயவிலைக் கடையை நடத்துவதும் சங்கம்தான். சம்பா மூழ்கிய வருடம் என் தாலிச் சங்கிலியை அங்கேதான் அடகு வைத்தேன், அடுத்த அறுவடையில் மீட்டேன். அடகுக்கடையில் வைத்திருந்தால் மூழ்கியிருக்கும். குத்தகைக்காரர்கள் சேர்ந்து, ஒருவர் கடனுக்கு மற்றவர்களும் பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழுவாகக் கடன் கேட்கலாமே?

கடைமடை உழவன்:
கேட்டோம் அக்கா, ஐந்து பேர். சாகுபடி செய்கிறோம் என்று கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும் என்றார்கள். நிலக்காரர் சம்மதமில்லாமல் அது கிடைக்கவில்லை. நடவு முடிந்த வயலில் நின்றுகொண்டு, இதை நட்டது நான்தான் என்று யாரிடம் நிரூபிப்பது?

வெண்ணாற்றங்கரை:
இதற்கு என்னிடம் பதிலில்லை. வயலை நேரில் பார்த்தே சான்று தர வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதி அனுப்புங்கள். எங்கள் சங்கப் பேரவைக் கூட்டத்தில் நான் முன்மொழிகிறேன். மூடுவதற்கு மட்டும் கை தூக்க மாட்டேன்.

கடைமடை உழவன்:
இன்றிரவே எழுதுகிறேன் ஐயா. ஐந்து பேரின் கையெழுத்தும் இருக்கும்.