முற்றுப்புள்ளி வைத்தால் கோபமா?

பொருநைக்கரையான்:
“வாட்ஸ்அப்பில் முற்றுப்புள்ளி வைத்து எழுதும் பெரியவர்களைக் கண்டு பிள்ளைகள் மிரள்கிறார்கள், அவர்கள் வழக்கில் அந்தப் புள்ளிக்குக் கோபம் என்று பொருள்” என்று கணினிக்கிறுக்கன் நேற்று இந்த இணைய மன்றத்தில் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 31 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து, புள்ளி வைக்காத விடைத்தாளுக்கு அரை மதிப்பெண் குறைத்தவன் நான். வாக்கியம் முடிந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது.

கணினிக்கிறுக்கன்:
ஐயா, இது என் கற்பனை அன்று. அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களைக் கொண்டு நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், கைப்பேசியில் வந்த ஒற்றைச் சொல் பதில் புள்ளியோடு முடிந்தபோது அது மனப்பூர்வமாகச் சொல்லப்பட்டதாகத் தோன்றவில்லை என்றார்கள். கையால் எழுதிய சீட்டில் அந்த வேறுபாடு தென்படவில்லை. அரட்டையில் அனுப்பும் பொத்தானே வாக்கியத்தை முடித்துவிடுகிறது. தேவையில்லாத இடத்தில் ஒருவர் மெனக்கெட்டுப் புள்ளி வைத்தால், படிப்பவர் காரணம் தேடத்தானே செய்வார்?

பொருநைக்கரையான்:
மனப்பூர்வமாக இல்லை என்றது ஆய்வு. கோபம் என்றது நீங்கள். தவிர, அவர்கள் கல்லூரி மாணவர்கள், படித்ததோ ஆங்கிலம். தமிழ்ப் புள்ளிக்குப் பிங்காம்டனில் என்ன வழக்கு? “மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்” என்று தொல்காப்பியம் விதித்த மரபு நம்முடையது, தம்பி.

அச்சுக்கோப்பாளர்:
அது மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி, ஐயா. வாக்கியத்தின் காலடியில் வைப்பது ஐரோப்பியரின் அச்சு வழக்கத்தோடு வந்து சேர்ந்தது. ஓலைச்சுவடிகளில் மெய்ப்புள்ளியைக்கூடப் பெரும்பாலும் வைக்காமல்தான் எழுதினார்கள். உங்கள் கணக்குப்படி நம் பாட்டன்மார் அத்தனை பேருக்கும் அரை மதிப்பெண் போயிற்று.

பொருநைக்கரையான்:
ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சி வைக்காமல் விட்டார்கள். கைப்பேசித் திரை கிழியுமா? சென்ற மாதம் ‘வாழ்த்துகள்’ என்பதே சரியான வடிவம் என்று நான் சான்றுகளோடு நிறுவியபோது வாய் திறவாமல் போனவர், இன்று எனக்கு அச்சு வரலாறு கற்பிக்கிறார்.

அச்சுக்கோப்பாளர்:
வாய் திறவாமல் போகவில்லை. நிர்வாகி இழையைப் பூட்டிவிட்டார். ‘வாழ்த்துக்கள்’ என்று இன்றும் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன்.

மாடித்தோட்டம்:
விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகளுக்குப் பதினாறு வயது. தோழிகளுக்கு ஆங்கில எழுத்தில் தமிழை, வரிக்கு ஒரு ‘டி’ போட்டு, நான்கு நான்கு சொற்களாக உடைத்து அனுப்புகிறாள். வகுப்பாசிரியைக்குப் புள்ளி பிசகாத ஆங்கிலம். பாட்டிக்குக் குரல் பதிவு, அதில் ‘டி’ என்ற பேச்சே இல்லை. இன்ஸ்டாகிராமில் உறவினர் பார்க்க ஒரு கணக்கும் தோழிகளுக்கென்று இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறாள். சென்ற வாரம் நான் “சரி.” என்று அனுப்பியதற்கு, “அம்மா, கோபமா?” என்று மூன்று முறை கேட்டாள்.

பொருநைக்கரையான்:
அம்மா, அப்போது உங்களுக்குக் கோபம் இருந்ததா, இல்லையா?

மாடித்தோட்டம்:
இருந்தது, ஐயா. ஆனால் நான் சொல்லவில்லையே, புள்ளிதானே காட்டிக்கொடுத்தது.

பொருநைக்கரையான்:
ஆக, கோபம் உங்களிடம் இருந்ததே தவிரப் புள்ளியில் இல்லை. இதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கணினிக்கிறுக்கன்:
அந்த அம்மா சொன்னதில் மூன்று வகை மொழிநடையும் இரண்டு கணக்குகளும் இருக்கின்றன. உங்கள் கண்ணுக்குப் புள்ளி மட்டும் தெரிகிறது. டொராண்டோவில் பதின்ம வயதினரின் இணைய உரையாடல்களைத் திரட்டி டாக்லியமான்டே, டெனிஸ் என்ற மொழியியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்கள் அஞ்சும் ‘lol’ போன்ற சுருக்கச் சொற்கள் மொத்தச் சொற்களில் 3 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் பழக்கத்தையும் இந்தப் பிள்ளைகள் தொடங்கவில்லை. ஒரு குறுஞ்செய்திக்குள் ஆங்கில எழுத்து 160 அடங்கிய காலத்தில் தமிழுக்கு 70 குறியீடுகளே கிடைத்ததால், காசை மிச்சம் பிடிக்க என் தலைமுறைதான் தொடங்கியது.

பொருநைக்கரையான்:
நான் கேட்டது புள்ளியைப் பற்றி; நீங்கள் டொராண்டோவுக்குப் போய்விட்டீர்கள். இந்த இழையில் உங்கள் வாக்கியங்கள் அத்தனையும் முற்றுப்புள்ளியிலோ கேள்விக்குறியிலோ முடிந்திருப்பதை எண்ணிப் பார்த்துவிட்டேன். புள்ளி வைத்ததெல்லாம் கோபமோ?

கணினிக்கிறுக்கன்:
ஆம் ஐயா, இப்போது கோபம்தான்.

பொருநைக்கரையான்:
அப்படியானால் கேள்விக்குறிக்கு என்ன பொருள் என்பதையும் சொல்லிவிடுங்கள். அச்சுக்கோப்பாளருக்கு ‘வாழ்த்துகள்’ குறித்து நாளை விரிவாக எழுதுகிறேன்; அதுவரை எவரும் இங்கே பதிலிட வேண்டாம்.

அச்சுக்கோப்பாளர்:
வாழ்த்துக்கள், ஐயா